ஜியார்டியா: ஒரு குடலொட்டுண்ணியின் கல அமைப்பும் புரதங்களும்

வயிற்றோட்டத்தை உண்டாக்கும் நுண்ணங்கிகளைப் பற்றிப் பேசும்போது வாந்திபேதிக் கிருமியும் வயிற்றுளைவை உண்டாக்கும் அமீபாவுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. வாந்திபேதி ஓரிரு நாட்களில் உயிரைக் குடிக்கவல்லது. அமீபா குடற்சுவரை அரித்துக் குருதியைக் கசியச் செய்வது. இவற்றோடு ஒப்பிடுகையில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி ஆரவாரமற்றது. அது குடற்சுவரைத் துளைப்பதில்லை; குருதியுள் நுழைவதில்லை; தன்னைக் கொண்டிருப்போருட் பலரிடத்து எவ்வித நோய்க்குறியையும் காட்டுவதுமில்லை. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இதனால் நோயுறுகின்றனர் என மதிப்பிடப்படுகின்றது. புறக்கணிக்கப்பட்ட நோய்கள் தொடர்பான தனது திட்டத்தில் உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டில் இந்நோயையும் சேர்த்துக்கொண்டது.

இவ்வுயிரி இரு வகையிற் குறைத்து மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. மருத்துவர்கள் நெடுங்காலமாக இதனைத் தீங்கற்ற குடல்வாசியாகக் கருதினர். உயிரியலாளர்களோ இதனைக் கூர்ப்பின் தொடக்கநிலையிலேயே தேங்கிநின்றுவிட்ட ஒரு பழைய, எளிய கலமாகக் கருதினர். கண்ணுக்குப் புலப்படாததை இல்லாததாகக் கொண்டமையே இவ்விரு மதிப்பீடுகளுக்கும் அடிப்படையாகும். இதன் கல அமைப்பையும் அதனை ஆக்கும் புரதங்களையும் பற்றிய ஆய்வுகள் ஒருபுறமும், குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய நீண்டகால ஆய்வுகள் மறுபுறமும் இம்மதிப்பீடுகளை மாற்றியுள்ளன. அவ்வாய்வுகளின் முடிவுகளை விளக்குவதும், அவை குடிநீர் பற்றிய வினாவோடு எவ்வாறு தொடர்புறுகின்றன எனக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டறிந்த வரலாறு

ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரத்துத் துணிவணிகரான லீவன்ஹூக், தாமே செய்த நுணுக்குக்காட்டியின் மூலம் 1681ஆம் ஆண்டில் தமது மலத்தை ஆராய்ந்தார். மலம் இளகியிருந்த நாட்களில், தட்டையான வயிற்றுப்புறமும் சிறு கால்களைப் போன்ற உறுப்புக்களும் கொண்ட நுண்ணுயிர்கள் அதனுள் அசைவதைக் கண்டு, இலண்டன் றோயல் கழகத்தைச் சேர்ந்த ஹூக் என்பாருக்கு எழுதினார். அவர் கண்டது ஜியார்டியா என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். 1859இல் பிராக் நகரத்து மருத்துவர் லம்பிள் இவ்வுயிரியைப் படங்களுடன் விரிவாக விளக்கினார். 1882இல் குன்ஸ்லர் என்பவர் வாற்பேத்தையின் குடலிலே இதன் இனத்தைச் சேர்ந்த உயிரியைக் கண்டு, பாரிசு நகரத்து விலங்கியலறிஞர் ஜியார்டின் பெயரால் அதனை ஜியார்டியா என அழைத்தார். மனிதனில் வாழும் இனத்துக்கு ஜியார்டியா லம்பிளியா என்னும் பெயரை 1915இல் ஸ்ரைல்ஸ் இட்டார். இன்று அதே இனம் இன்ரெஸ்ரினாலிஸ், டியோடினாலிஸ் என்னும் வேறு இரு பெயர்களாலும் வழங்கப்படுகின்றது.

பெயர் கிடைத்த பின்னரும் இவ்வுயிரி நோயை உண்டாக்குமா என்பது தீராத வினாவாகவே இருந்தது. நோயுற்றோரிடம் மட்டுமன்றி நலமாயிருந்தோரிடமும் இது காணப்பட்டமையே அதற்குக் காரணம். 1954இல் அமெரிக்காவில் றென்டோர்வ் என்பவர், தன்னார்வலர்கள் எனக் கூறப்பட்ட சிறைக்கைதிகளுக்கு இவ்வொட்டுண்ணியை உட்கொள்ளக் கொடுத்துச் செய்த சோதனைகள், பத்து ஒட்டுண்ணிகளே தொற்றை ஏற்படுத்தப் போதுமானவை எனக் காட்டின. இம்முடிவு இன்றும் குடிநீர் ஆய்வுகளிற் பயன்படுகின்றது. எனினும் சிறைக்குள் இருப்பவர் தரும் இசைவு எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்னும் வினாவை நாம் இங்கு மறந்துவிடலாகாது. உலக சுகாதார நிறுவனம் ஜியார்டியாவை நோய்தரும் ஒட்டுண்ணிகளின் பட்டியலிற் சேர்த்தது 1981ஆம் ஆண்டிலேயாகும். அதாவது, முதன்முதற் கண்ட நாளிலிருந்து மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னராகும்.

இதற்கிடையில், 1976இல் மேயர் என்பவர் மனிதனிலிருந்து பெற்ற ஜியார்டியாவை வேறெந்த நுண்ணங்கியும் கலவாது ஆய்வுகூடத்தில் வளர்க்கும் முறையைக் கண்டார். இதன் பின்னரே இவ்வுயிரியின் புரதங்களைப் பிரித்தெடுத்து ஆராய்வது இயல்வதாயிற்று.

வளருருவத்தின் அமைப்பு

ஜியார்டியாவின் வாழ்க்கையில் இரு உருவங்கள் உள்ளன. ஒன்று, சிறுகுடலிலே உண்டு, நீந்தி, பிரிந்து பெருகும் உருவம். இதனை இக்கட்டுரையில் 'வளருருவம்' என வழங்குவோம். மற்றது, மலத்துடன் வெளியேறிப் புறவுலகிலே காத்திருக்கும் 'சிறைப்பை'.

வளருருவம் 12 முதல் 15 மைக்கிரோமீற்றர் வரை நீளமும் 5 முதல் 9 மைக்கிரோமீற்றர் வரை அகலமும் உடையது. நெடுக்காகப் பிளந்த பேரிக்காயின் ஒரு பாதியை இதன் வடிவுக்கு உவமையாகக் கூறலாம். மேற்புறம் குவிந்தும் வயிற்றுப்புறம் தட்டையாகவும் இருக்கும். முற்பகுதியில் ஒரே அளவான இரு கருக்கள் அருகருகே அமைந்திருப்பதால், நுணுக்குக்காட்டியினூடாக நோக்குபவருக்கு ஒரு முகம் தம்மைத் திரும்பிப் பார்ப்பது போலத் தோன்றும். இவ்விரு கருக்களும் முழுமையான பரம்பரைச் செய்தியைக் கொண்டுள்ளன, இரண்டும் தொழிற்படுகின்றன. கலத்திலிருந்து நான்கு சோடிச் சவுக்குமுளைகள் வெளிப்படுகின்றன. அவற்றை ஆக்கும் நுண்புன்குழாய்கள், எம் சுவாசப்பாதையிலுள்ள பிசிர்களிற் காணப்படும் அதே ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

இக்கலத்தில் இல்லாதவையாகத் தோன்றியவை அதிலுள்ளவற்றைவிட அறிஞரின் கவனத்தை மிகுதியாக ஈர்த்தன. கருவுள்ள கலங்கள் அனைத்திலும் எதிர்பார்க்கப்படும் இழைமணிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் காண முடியவில்லை. தட்டுக்களாக அடுக்கப்பட்ட கொல்கி உபகரணமும் வளருருவத்தில் இல்லை. உணவைச் சமிக்கும் தொழிலை மென்சவ்வுக்குக் கீழே வரிசையாயமைந்த சிறு புடகங்கள் ஆற்றுகின்றன. 2007இல் இதன் பரம்பரைச் செய்தி முழுவதும் வெளியிடப்பட்டது. ஐந்து நிறமூர்த்தங்களிலே ஏறத்தாழ 1 கோடி 17 இலட்சம் காரச் சோடிகளும் ஏறத்தாழ 6,500 பரம்பரையலகுகளும் இருப்பதாக அப்போது கணிக்கப்பட்டது. டி.என்.ஏ.யைப் பிரதிசெய்தல், அனுசேபம் ஆகிய தொழில்களுக்குரிய புரதத் தொகுதிகள் பிற உயிரிகளிலுள்ளவற்றைவிடச் சுருக்கமாக இருந்தன.

ஒட்டுத்தட்டும் ஜியார்டின்களும்

சிறுகுடல் ஓய்வின்றி அசையும் ஒரு குழாய். அதனுள் உணவும் சுரப்புக்களும் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. அங்கு வாழவிரும்பும் உயிரி எதனையேனும் பற்றிக்கொள்ள வேண்டும். அன்றேல் சில மணி நேரத்துள் அது அடித்துச் செல்லப்பட்டுவிடும். நாடாப்புழு தன் தலையிலுள்ள உறிஞ்சிகளாலும் கொளுக்கிப்புழு தன் வாயுறுப்பினாலும் இப்பிரச்சினையைத் தீர்த்துக்கொள்கின்றன. அவை பல கலங்களாலானவை. ஜியார்டியாவோ ஒரே கலத்துள் அத்தகைய ஓர் உறுப்பை அமைத்துக்கொண்டுள்ளது. வயிற்றுப்புறத்தின் முற்பகுதியிலுள்ள ஒட்டுத்தட்டே அவ்வுறுப்பாகும்.

இத்தட்டு உட்குழிந்த ஒரு கிண்ணத்தை ஒத்தது. இதன் அடித்தளம் நுண்புன்குழாய்கள் சுருளாகப் பக்கம்பக்கமாக அடுக்கப்படுவதால் ஆனது. நுண்புன்குழாய்கள் தியூபியூலின் என்னும் புரதத்தாலானவை. ஒவ்வொரு நுண்புன்குழாயின் மீதும் ஒரு நுண்ணிய நாடா செங்குத்தாக எழுந்துநிற்கின்றது. அயலிலுள்ள நாடாக்களைக் குறுக்குப் பாலங்கள் இணைக்கின்றன. பனையோலைப் பாயில் நெட்டோலைகளைக் குறுக்கோலைகள் பிணைத்து இறுக்குவதை இதற்கு ஓரளவு உவமையாகக் கொள்ளலாம். பொதுவாகக் கலங்களின் நுண்புன்குழாய்கள் இடைவிடாது கட்டப்பட்டும் குலைக்கப்பட்டும் வருவன. ஒட்டுத்தட்டின் நுண்புன்குழாய்களோ பெரிதும் நிலைபேறுடையவை.

இந்நாடாக்களை ஆக்கும் புரதங்களைப் பிரித்தெடுத்த குறொஸ்லி, ஹோல்பேர்ட்டன் ஆகிய இருவரும் 1983இல் அவற்றுக்கு ஜியார்டின்கள் எனப் பெயரிட்டனர். பின்வந்த ஆய்வுகள் ஜியார்டின் என்னும் பெயருக்குள் வெவ்வேறு மரபிலிருந்து வந்த புரதங்கள் அடங்கியுள்ளன எனக் காட்டின. பீற்றா ஜியார்டின், சில பச்சை அல்காக்களின் சவுக்குமுளை அடியிலுள்ள நார்ப் புரதத்தோடு உறவுடையது. அல்பா ஜியார்டின்களோ அனெக்சின் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மென்சவ்வுடன் பிணையும் இயல்புள்ள இக்குடும்பத்தின் 21 பரம்பரையலகுகள் ஜியார்டியாவில் உள்ளன. ஒட்டுத்தட்டோடு தொடர்புடையனவாக இதுவரை 80க்கு மேற்பட்ட புரதங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றுக்கு வேறெந்த உயிரியிலும் ஒப்பான புரதம் இல்லை. எளிய கலம் எனக் கருதப்பட்ட ஒன்று, ஒரேயொரு தேவையின் பொருட்டு இத்தனை புரதங்களைப் பயன்படுத்துகின்றது.

தட்டு எவ்வாறு பற்றிக்கொள்கின்றது? வயிற்றுப்புறச் சவுக்குமுளைகளின் அடிப்பு தட்டின் கீழுள்ள திரவத்தை வெளியேற்றி அமுக்கத்தைக் குறைப்பதால் உறிஞ்சல் ஏற்படுகின்றது என 1970களில் ஹோல்பேர்ட்டன் கருதினார். ஆயினும், சவுக்குமுளைகளின் அடிப்பைக் குலைத்த பின்னரும் கலங்கள் ஒட்டிக்கொண்டேயிருக்கின்றன என 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே தட்டின் வளைவும் அதன் விளிம்பு குடலின் மேற்பரப்போடு பொருந்தும் விதமுமே இன்று முதன்மை பெறுகின்றன. பற்றுதல் எவ்வாறு நிகழினும், ஒட்டுண்ணி விலகிய இடத்தில் நுண்சடைமுளைகளின் மீது வட்டமான தழும்பு எஞ்சியிருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

கலம் பிரியும்போது இத்தட்டு பாதி பாதியாகப் பங்கிடப்படுவதில்லை. பழைய தட்டுக் குலைக்கப்பட்டு, மகட்கலங்கள் இரண்டுக்கும் புதிய தட்டுக்கள் கட்டப்படுகின்றன. அக்குறுகிய வேளையிலேயே இவ்வுயிரி பிடியின்றி இருக்கின்றது. அல்பெண்டசோல் என்னும் மருந்து ஒட்டுண்ணியின் பீற்றா தியூபியூலினோடு, மனிதனின் தியூபியூலினைக் காட்டிலும் வலுவாகப் பிணைந்து நுண்புன்குழாய்கள் கட்டப்படுவதைத் தடுக்கின்றது. புழுக்களுக்கென ஆக்கப்பட்ட இம்மருந்து ஜியார்டியாவுக்கும் பயன்படுவதன் காரணம் இதுவேயாகும்.

மாறிக்கொண்டேயிருக்கும் மேற்பரப்பு

குடலிற் பற்றிக்கொண்ட ஒட்டுண்ணி அடுத்து எதிர்கொள்வது உடலின் நிர்ப்பீடனத்தையாகும். குடற்சுவர் சுரக்கும் பிறபொருளெதிரிகள் அந்நியப் புரதங்களை இனங்கண்டு பிணைகின்றன. ஜியார்டியாவின் மேற்பரப்பு முழுவதும் ஒரு வகைப் புரதத்தாற் போர்த்தப்பட்டுள்ளது. இப்புரதங்களை 'மாறும் மேற்பரப்புப் புரதங்கள்' என்பர். சிஸ்தீன் என்னும் கந்தகமுள்ள அமினோ அமிலம் இவற்றில் மிகுதி. சிஸ்தீன்களின் கந்தக அணுக்கள் தம்முட் பிணைந்து புரதத்தை இறுக்கமாக மடித்து வைத்திருப்பதால், குடலிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் அதனை எளிதிற் சிதைக்க முடிவதில்லை. மென்சவ்வுக்கு உட்புறமாக நீளும் புரதத்தின் நுனி, இவ்வகைப் புரதங்கள் அனைத்திலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. வெளிப்புறமாக நிற்கும் பகுதி மட்டும் வேறுபடுகின்றது.

இவ்வகைப் புரதங்களுக்குரிய ஏறத்தாழ 200 பரம்பரையலகுகள் ஜியார்டியாவில் உள்ளன. ஆயினும் ஒரு கலம் ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்றை மட்டுமே வெளிக்காட்டுகின்றது. ஏறத்தாழ 6 முதல் 13 தலைமுறைகளுக்கு ஒருமுறை அது வேறொன்றாக மாற்றப்படுகின்றது. ஒரு போர்வைக்கு எதிராக உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கி முடிக்கும்போது, வேறு போர்வை அணிந்த கலங்கள் ஏற்கெனவே பெருகத் தொடங்கிவிடுகின்றன.

இருநூறில் ஒன்று மட்டும் வெளிப்படுவது எவ்வாறு? ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரத்து ஆய்வாளர்கள் 2008இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். பல பரம்பரையலகுகளின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகின்றது, பின்னர் ஒன்றைத் தவிர ஏனையவை கலத்துள்ளேயே வெட்டியழிக்கப்படுகின்றன. இவ்வாறு வெட்டும் நொதியங்களுள் ஒன்று டைசர். அதன் அளவைக் குறைத்தபோது ஒரே கலம் பல போர்வைப் புரதங்களை ஒருங்கே வெளிக்காட்டியது. அத்தகைய கலங்களைக் கேர்பில் என்னும் எலிவகைக்குக் கொடுத்தபோது, பின்வந்த தொற்றிலிருந்து அவை காக்கப்பட்டன என அதே குழுவினர் 2010இல் அறிவித்தனர். நிறமூர்த்தப் புரதங்களில் நிகழும் மாற்றங்களும் இத்தெரிவிற் பங்குகொள்கின்றன எனக் கருதுவோர் உளர். மனிதருக்கான தடுப்பு மருந்து எதுவும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

டைசர் நொதியம் தொடர்பாக இன்னொன்றையும் நாம் குறிப்பிடலாம். மனிதன் உட்படப் பல உயிரிகளில் தொழிற்படும் இந்நொதியத்தின் முப்பரிமாண அமைப்பு, 2006இல் ஜியார்டியாவின் டைசரைக் கொண்டே முதன்முதலாக விளக்கப்பட்டது. ஒட்டுண்ணியின் சுருக்கமே அங்கு ஆய்வுக்கு வாய்ப்பாயமைந்தது.

சிறைப்பை

சிறுகுடலின் கீழ்ப்பகுதியை நோக்கிச் செல்லும் வளருருவங்கள், பித்தத்தின் செறிவாலும் காரத்தன்மையாலும் கொலஸ்திரோல் கிடைக்காமையாலும் தூண்டப்பட்டுத் தம் உருவை மாற்றிக்கொள்கின்றன. சவுக்குமுளைகள் உள்ளிழுக்கப்படுகின்றன, ஒட்டுத்தட்டுத் துண்டுகளாகின்றது, கருக்கள் நான்காகின்றன. கலத்தைச் சூழ ஒரு சுவர் கட்டப்படுகின்றது. பித்தத்தைப் பயன்படுத்தி இம்மாற்றத்தை ஆய்வுகூடத்திலேயே தூண்டலாம் என 1987இல் கிலினும் அவரோடு ஆய்ந்தோரும் காட்டினர்.

சுவரின் புரதங்கள் மூன்று முதன்மை வகையின. அவை அகமுதலுருச் சிறுவலையில் ஆக்கப்பட்டு, அவ்வேளையில் மட்டும் தோன்றும் பெரிய புடகங்களில் அடைக்கப்பட்டு மேற்பரப்புக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. ஏனைய கலங்களிற் கொல்கி உபகரணம் ஆற்றும் தொழிலை இப்புடகங்கள் ஆற்றுகின்றன. வளருருவத்தில் கொல்கி காணப்படாமைக்குக் காரணம், அதன் தொழில் சுவர் கட்டும் வேளையிலேயே பெரிதும் தேவைப்படுவதாகும். இப்புரதங்களோடு ஒரு வெல்ல அமைனின் நீண்ட சங்கிலிகள் பின்னப்பட்டு, 0.3 முதல் 0.5 மைக்கிரோமீற்றர் வரை தடிப்புள்ள சுவர் உருவாகின்றது.

இம்மெல்லிய சுவரே இந்நோயின் சமூகப் பரவலைத் தீர்மானிக்கின்றது. குளிர்ந்த நீரிலே சிறைப்பைகள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், உயிரோடிருக்கின்றன. பற்றீரியாக்களைக் கொல்லப் போதுமான குளோரீன் இவற்றைக் கொல்லப் போதுமானதன்று. 1974–75இல் நியூயோர்க் மாநிலத்தின் றோம் நகரில், குளோரீன் இடப்பட்டும் வடிகட்டப்படாத குழாய்நீரால் ஏறத்தாழ 5,000 பேர் நோயுற்றனர். நீரைக் கொதிக்கவைத்தால் சிறைப்பை இறக்கும். ஏறத்தாழ 8 முதல் 12 மைக்கிரோமீற்றர் நீளமுள்ளதாகையால் தகுந்த வடிகட்டியினாலும் இதனை அகற்றலாம். விழுங்கப்பட்ட சிறைப்பை இரைப்பையின் அமிலத்தைக் கடந்து முன்சிறுகுடலை அடைந்ததும் சுவரைத் திறந்து வெளிவந்து, பிரிந்து, புதிய வளருருவங்களாகின்றது. ஏனைய நுண்ணுயிர்களைக் கொல்லும் இரைப்பை அமிலம் இதற்கு விழிப்புக் குறியாக அமைகின்றது.

இழைமணியற்ற கலமா?

கூர்ப்புப் பற்றிய விவாதத்தில் ஜியார்டியா பெற்ற இடத்தை இனி நோக்குவோம். இழைமணிகள் ஒரு காலத்திற் சுதந்திரமாக வாழ்ந்த பற்றீரியாவின் வழித்தோன்றல்கள் என்பது இன்று நிறுவப்பட்ட கருத்தாகும். அவ்வாறாயின், அப்பற்றீரியா உள்ளே புகுமுன் வாழ்ந்த, கருவுள்ள ஆனால் இழைமணியற்ற கலங்களின் வழித்தோன்றல்கள் எங்கேனும் எஞ்சியிருக்கலாம் அன்றோ? 1983இல் கவாலியர்-ஸ்மித் என்னும் ஆங்கிலேய உயிரியலாளர் ஜியார்டியா முதலானவற்றை அத்தகைய எச்சங்களாக வகைப்படுத்தினார். 1989இல் சோகினும் அவரோடு ஆய்ந்தோரும் றைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு வரைந்த மரபுமரத்தில் ஜியார்டியா, கருவுள்ள உயிரிகளின் அடிக்கிளையாக நின்றது. உயிர்ப் படிமுறையின் கீழ்ப்படி கண்டெடுக்கப்பட்டுவிட்டது எனப் பலரும் கருதினர்.

இக்கருத்து நிலைக்கவில்லை. 1998இல், ஏனைய உயிரிகளின் இழைமணிகளுள் தொழிற்படும் ஒரு புரதத்தின் பரம்பரையலகு ஜியார்டியாவிலும் உண்டு எனக் காட்டப்பட்டது. 2003இல் டோவாரும் அவரோடு ஆய்ந்தோரும் இரும்பையும் கந்தகத்தையும் இணைத்துச் சிறு கொத்துக்களாக்கும் இரு புரதங்களைப் பிறபொருளெதிரிகளால் தேடியபோது, இரட்டை மென்சவ்வால் சூழப்பட்ட மிக நுண்ணிய புன்னங்கங்களுள் அவை இருப்பதைக் கண்டனர். மைற்றோசோம் எனப்படும் இவை, ஒடுங்கிய இழைமணிகளேயாகும். இவற்றுக்குச் சொந்தமான டி.என்.ஏ. இல்லை, இவை ஒட்சிசனைக் கொண்டு சத்தியை ஆக்குவதுமில்லை. இரும்பு–கந்தகக் கொத்துக்களை ஆக்கும் ஒரு தொழில் மட்டும் எஞ்சியுள்ளது. அக்கொத்துக்களின்றிப் பல புரதங்கள் இயங்கா என்பதால் அத்தொழிலைக் கைவிட முடியவில்லை.

மரபுமரம் தவறியமைக்கும் காரணம் உண்டு. ஜியார்டியாவின் பரம்பரைச் செய்தி மிக விரைவாக மாறிவந்துள்ளது. விரைவாக மாறியவை, உறவினாலன்றி மாற்றத்தின் மிகுதியாலேயே மரத்தின் அடிக்குத் தள்ளப்படுகின்றன. ஒட்சிசன் அரிதான, உணவு மலிந்த குடலிலே தேவையற்றவற்றைக் களைந்து, தேவையானவற்றைப் பெருக்கிக்கொண்ட உயிரியே ஜியார்டியா. கூர்ப்பு என்பது எளிமையிலிருந்து சிக்கலை நோக்கி ஏறும் ஒற்றைப் படிவரிசை என்னும் எண்ணம், அறிவியலாளரிடையேயும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இவ்வமைப்பு மருந்தியலிலும் பொருளுடையது. இழைமணிச் சுவாசம் இல்லாமையால், இரும்பு–கந்தகக் கொத்துக்களைக் கொண்ட வேறு புரதங்களின் வழியாகவே ஜியார்டியாவில் இலத்திரன்கள் கைமாறுகின்றன. மெற்றோனிடசோல் என்னும் மருந்து அப்புரதங்களிடமிருந்து இலத்திரனைப் பெற்றதும் நச்சுருவாகி, ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.யையும் புரதங்களையும் தாக்குகின்றது. ஒட்சிசனைச் சுவாசிக்கும் எம் கலங்களில் அம்மாற்றம் பெரிதும் நிகழ்வதில்லை. எனினும் இம்மருந்துக்கு இசையாத தொற்றுக்கள் பல நாடுகளிற் பதிவாகியுள்ளன.

குடலிலும் சமூகத்திலும்

துளைக்காத, நுழையாத இவ்வுயிரி எவ்வாறு நோயை உண்டாக்குகின்றது? குடற்கலங்களை ஒன்றோடொன்று இறுக்கும் இணைப்புக்கள் தளர்கின்றன, நுண்சடைமுளைகள் குறுகுகின்றன, அவற்றின் மீதுள்ள, வெல்லங்களைச் சமிக்கும் நொதியங்கள் குறைகின்றன. சமிக்கப்படாத வெல்லம் நீரை இழுத்து வயிற்றோட்டத்தை உண்டாக்குகின்றது. கொழுப்பும் அகத்துறிஞ்சப்படாது வெளியேறுகின்றது. ஜியார்டியா ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்தும் சத்தியைப் பெறுகின்றது. குடற்கலங்கள் நுண்ணங்கிகளுக்கு எதிராக ஆக்கும் நைத்திரிக்கொட்சைட்டுக்கும் ஆர்ஜினினே மூலப்பொருள். ஆகவே ஒட்டுண்ணியின் உணவே அதன் பாதுகாப்புமாகின்றது என 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயினும் வறிய நாடுகளின் குழந்தைகளிடத்து இதன் விளைவு வயிற்றோட்டத்தில் முதன்மையாக வெளிப்படுவதில்லை. ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான பெரும் ஆய்வொன்று, கடும் வயிற்றோட்டத்தோடு ஜியார்டியாவுக்குத் தொடர்பில்லை என்றே கூறியது. அத்துடன் நின்றிருந்தால் தீங்கற்ற குடல்வாசி என்னும் பழைய கருத்து உறுதிப்பட்டிருக்கும். தமிழ்நாட்டின் வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் 2,000க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை தொடர்ந்து அவதானித்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் ஒருமுறையேனும் ஜியார்டியா காணப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன் தொற்றி நீடித்திருந்த குழந்தைகள் இரண்டு வயதில் நிறையிலும் உயரத்திலும் பின்தங்கியிருந்தனர். வயிற்றோட்டம் ஏற்பட்ட குழந்தையே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும். வளர்ச்சி குன்றிய குழந்தையை எவரும் அவ்வாறு கொண்டுசெல்வதில்லை. இந்நோய் புள்ளிவிபரங்களுக்கு அகப்படாது போனமைக்கு இதுவே காரணம்.

வளர்ந்தோரிடத்தும் இதன் விளைவு நீள்கின்றது. 2004இல் நோர்வேயின் பேர்கன் நகரக் குழாய்நீரிற் கழிவுநீர் கலந்ததால் 1,200க்கு மேற்பட்டோரிடம் நோய் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்டது. அவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின்னர் அவர்களை ஆராய்ந்தபோது, 46 சதவீதத்தினரிடம் குடல் தொடர்பான நாட்பட்ட தொல்லை காணப்பட்டது. தொற்றுக்குள்ளாகாதோரிடம் அது 14 சதவீதமாகவே இருந்தது. செல்வந்த நாடொன்றில், ஒரே தடவை தொற்றி, சிகிச்சையும் பெற்றோரின் நிலை இது. ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளின் நிலையை இதிலிருந்து நாம் உய்த்துணரலாம்.

மருந்து மட்டும் இதற்குத் தீர்வாகுமா? பேரு நாட்டின் தலைநகர் லீமாவின் புறத்தேயுள்ள வறிய குடியிருப்பொன்றில் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை அகற்றியபோது, ஆறு மாதங்களுள் ஏறத்தாழ அனைவரும் மீண்டும் தொற்றுக்குள்ளாயினர் என 1988இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மருந்து தன் வேலையைச் செய்தது. நீரும் மலசலகூட வசதியும் மாறவில்லை. தாய்ப்பாலை மட்டும் ஊட்டுதல் முதல் ஆறு மாதங்களிற் காப்பளிக்கின்றது என மேற்கூறிய 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குடும்பத்தின் பொருளாதார நிலை உயர உயரத் தொற்றுக் குறைகின்றது எனவும் அதே ஆய்வு காட்டியது.

முடிவுரை

ஜியார்டியாவின் புரதங்கள் மூன்று தேவைகளைச் சுற்றி அமைந்துள்ளன. பற்றிக்கொள்ள ஜியார்டின்கள், மறைந்துகொள்ள மாறும் மேற்பரப்புப் புரதங்கள், ஒரு குடலிலிருந்து மற்றொரு குடலுக்குச் செல்லச் சிறைப்பைச் சுவரின் புரதங்கள். முதலிரண்டும் உடலுக்குள் நிகழ்வன. அவற்றை எதிர்கொள்ள மருந்துக்களும் எதிர்காலத்திற் கிடைக்கக்கூடிய தடுப்பு மருந்தும் வேண்டும். மூன்றாவது உடலுக்கு வெளியே, நீரிலும் மண்ணிலும் நிகழ்வது. அங்குத்தான் இவ்வொட்டுண்ணி நீந்தவோ பெருகவோ இயலாது, யாரேனும் தன்னை விழுங்கும்வரை காத்திருக்கின்றது. அச்சங்கிலியை அறுப்பதற்கு வேண்டிய அறிவு எம்மிடம் ஏற்கெனவே உண்டு: வடிகட்டிய நீர், கொதித்தாறிய நீர், கழிவுநீர் கிணற்றையும் குழாயையும் அடையாதவாறு காக்கும் ஏற்பாடு. இவற்றுட் கொதிக்கவைப்பதை மட்டுமே ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ள முடியும். அதற்கும் விறகோ எரிபொருளோ வேண்டும். ஏனையவை பொதுப்பணிகள். நோய்க்குறி காட்டாத குழந்தைகளின் வளர்ச்சியையும் நோயின் கணக்கிற் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அப்பணிகளுக்குச் செலவிடப்படும் பணத்தின் உண்மையான பயனை நாம் மதிப்பிடக்கூடியதாயிருக்கும்.